270 ரூபாய்க் கோப்பை

ஹவுன்ஸ்லோ, லண்டன்
24.3.2019

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

கோவில்பட்டியில் இப்போதே வெயில் மண்டையைப் பிளக்கிறதாம், அம்மா சொன்னாள். இங்கே பங்குனி பிறந்தும் ஸ்வெட்டரைக் கழற்ற மனசு வரவில்லை.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, “பக்கத்தில் பாவாடை கட்டிக்கிட்டு நிக்கிற தாடிக்காரர் யாரு? ஏதும் நேர்த்திக்கடனா?” என்று சித்தி கேட்டிருந்தார்கள். ஒரு வகையில் நேர்த்திக்கடன்தான். அவர் ஆபீஸில் எனக்கு எதிர் மேசைக்காரர், சொந்த ஊர் எடின்பரோ. ஸ்காட்லாந்து இங்கிலாந்தோடு ரக்பி ஆடுகிற நாளில் அந்தக் கில்ட்டைக் கட்டாமல் வாசற்படி தாண்டமாட்டார். கில்ட்டுக்குப் பாக்கெட் கிடையாது. அதனால் இடுப்பிலிருந்து முன்பக்கமாக ஒரு தோல் பை தொங்கும். நம் ஆச்சியின் சுருக்குப்பைதான், கொஞ்சம் ரோமம் வைத்துத் தைத்திருக்கிறார்கள். வீட்டுச் சாவி, பர்ஸ், எங்கள் இரண்டு டிக்கெட், ஜலதோஷ மாத்திரை எல்லாம் அதற்குள்ளிருந்துதான் வந்தன.

நீங்கள் தனியாக ஒரு மெசேஜ் போட்டிருந்தீர்கள்: “38–38 என்று எழுதியிருக்கிறாயே, அது என்ன கணக்கு? ஹாக்கியில் இப்படி ஸ்கோர் வந்தால் ரெண்டு கோல்கீப்பரையும் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.” முப்பது வருஷம் பி.டி. மாஸ்டராக இருந்து, லட்சுமி அம்மாள் ஹாக்கிக் கோப்பை ஆட்டங்களைக் கம்பிவேலிக்கு வெளியே நின்று அம்பயரைவிடச் சத்தமாக நடத்திவைத்தவர் நீங்கள். உங்களுக்குப் போனில் விளக்க முடியாது. பாதியில் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள், மீதியில் லைன் அறுந்துபோகும். ஆகவே கடிதம்.

டிக்கெட் எனக்குக் கிடைத்ததே எதிர் மேசைக்காரருடைய மனைவியின் புண்ணியத்தில். ட்விக்கென்ஹாம் மைதானத்தில் ஸ்காட்லாந்து இந்த மேட்ச்சுக்கு முன் கடைசியாக இங்கிலாந்தை ஜெயித்தது 1983-இல். அதற்கப்புறம் 36 வருஷமாக அந்த மண்ணில் தோல்வி, எப்போதாவது ஒரு டிரா. “அந்த முகத்தோடு ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்து திரும்பி வர என்னால் முடியாது, யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்” என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டார். நமக்குத்தான் ரக்பி தெரியாதே, எந்த முகமானாலும் பாதிக்காது என்று என்னைத் தேர்ந்தெடுத்தார் போலிருக்கிறது. டிக்கெட்டில் அச்சடித்த விலைக்குத்தான் கொடுத்தார். வெளியே விசாரித்தால் ஒரு மாத மளிகைச் செலவு சொன்னார்கள்.

ஹவுன்ஸ்லோவிலிருந்து ட்விக்கென்ஹாமுக்கு நடந்தே போய்விடலாம். மேட்ச் நாளில் சுற்றுவட்டாரச் சாலைகளை மூடிவிடுவதால் நடப்பதுதான் வேகமும்கூட. மைதானத்தை நெருங்க நெருங்க, தெருவில் இருக்கிற வீட்டுக்காரர்களே முன்வாசலில் அடுப்பு வைத்து வியாபாரம் பண்ணுகிறார்கள். மற்ற நாளில் “குட் மார்னிங்” சொன்னால் திடுக்கிடுகிற ஜனங்கள், அன்றைக்கு ரோஜாச் செடிக்குப் பக்கத்தில் நின்று பேக்கன் ரோல் சுட்டு விற்கிறார்கள். ஒரு வாசலில் பத்து வயசுப் பெண் அட்டையில் விலை எழுதிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா கரண்டியும் கையுமாக, அம்மா கல்லாவில். உள்ளே டாய்லெட் போவதற்குத் தனிக் கட்டணம் என்று இன்னோர் அட்டை. அடுப்படியை விட அதற்குத்தான் கூட்டம்.

கார் நிறுத்துமிடம் இன்னொரு உலகம். காரின் டிக்கியைத் திறந்து வைத்து, மடக்கு மேசை போட்டு, அதன் மேல் வெள்ளைத் துணி விரித்து, கண்ணாடிக் கோப்பையில் ஷாம்பெயின் ஊற்றிக் குடிக்கிறார்கள். விரிப்புக்கு இஸ்திரி போட்டிருந்தார்கள், நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். நடுநடுவே கழுத்தே இல்லாத, தோள் அகலமான வயதான ஆட்கள். பழைய ஆட்டக்காரர்களாம். அவர்கள் காதைப் பார்க்க வேண்டும், சித்தப்பா. மடிந்து, வீங்கி, காய்த்துப்போய், காது என்பது அங்கே ஒரு ஞாபகமாக மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்க்ரம்மில் எட்டுப் பேரும் எட்டுப் பேரும் தலையைக் கொடுத்து முட்டித் தள்ளும்போது முன்வரிசைக்காரன் காது உராய்ந்து உராய்ந்து அப்படி ஆகிவிடுமாம். அப்படிப்பட்ட ஒருவர் பிளாஸ்டிக் தட்டில் ஒரு சின்ன கேக் துண்டை முள்கரண்டியால் நாகரிகமாக வெட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மைதானம் பழசு என்றுதான் எல்லோரும் பெருமை பேசுகிறார்கள். 1907-இல் பில்லி வில்லியம்ஸ் என்பவர் ஏற்பாட்டில் ரக்பி சங்கம் இந்த இடத்தை வாங்கியது. பத்தேகால் ஏக்கர், விலை 5,572 பவுன் 12 ஷில்லிங் 6 பென்ஸ். அந்த ஆறு பென்ஸ் வரைக்கும் இன்னும் ஞாபகம் வைத்துச் சொல்கிறார்கள் என்றால் பேரம் எவ்வளவு கடுமையாக நடந்திருக்கும் பாருங்கள். காய்கறித் தோட்டமாக இருந்த இடம், அதனால் இன்றைக்கும் செல்லப்பெயர் முட்டைகோஸ் தோட்டம்தான். ஸ்டேஷன் பக்கத்தில் அதே பேரில் ஒரு மதுக்கடையும் இருக்கிறது. 1909-இல் முதல் ஆட்டம், 1910 ஜனவரியில் வேல்ஸோடு முதல் சர்வதேச ஆட்டம். முதல் உலகப்போரின்போது இதில் குதிரையும் ஆடுமாடும் மேய விட்டார்கள். ஆனால் இப்போது நிற்கிற கட்டடங்களெல்லாம் 1990-களிலிருந்து 2006 வரைக்கும் இடித்து இடித்துக் கட்டியவை. 82,000 பேர் உட்காரலாம். என் கருத்தைக் கேட்டால், பழசு என்று அங்கே மிச்சமிருப்பது மண்ணும் அதைப் பற்றிய பேச்சும்தான். அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. சுற்றி 82,000 பேர்.

இனி, நம் சம்பந்தம் எங்கே வருகிறது என்று சொல்லவேண்டும். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் வருஷா வருஷம் அடித்துக்கொள்வது எதற்காக என்று நினைக்கிறீர்கள்? அதற்குப் பேரே கல்கத்தா கோப்பை. 1872 கிறிஸ்துமஸ் அன்று கல்கத்தாவில் இருந்த வெள்ளைக்காரர்கள் இருபது இருபது பேராக அணி பிரிந்து ரக்பி ஆடினார்கள். ஒரு பக்கம் இங்கிலாந்துக்காரர்கள், எதிர்ப்பக்கம் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ்காரர்கள். ஆடியது மிகவும் பிடித்துப்போய், அடுத்த மாதமே கிளப் ஆரம்பித்துவிட்டார்கள். கிளப்பில் இலவச மது. உறுப்பினர்கள் குவிந்தார்கள். கொஞ்ச காலத்தில் இலவசம் நின்றது. உறுப்பினர்களும் நின்றார்கள். வெயிலில் ரக்பி ஆடுவதைவிட டென்னிஸும் போலோவும் மேல் என்று மீதிப்பேர் கண்டுபிடித்தார்கள். ஊரில் இருந்த பட்டாளமும் வேறிடத்துக்குப் போயிற்று. ஆக, ஐந்தாறு வருஷத்தில் கிளப்புக்கு மூடுவிழா.

இதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு நம்பவே முடியவில்லை. சங்கம் கலைந்தபோது பாங்கில் பணம் மிச்சமிருந்திருக்கிறது! ரோத்னி என்று ஒருவர், கேப்டன், செயலாளர், பொருளாளர் மூன்றும் அவரேதான். நம் ஊரில் பொருளாளரும் செயலாளரும் ஒரே ஆளாக இருக்கிற சங்கம் கலைந்தால் என்ன மிஞ்சும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விளையாட்டு மன்றத்துக்குப் புது வலை வாங்க வசூல் பண்ணிய வருஷத்தைச் சித்தி இன்னும் மறக்கவில்லை. அந்த ரோத்னி மிச்சப் பணத்தை வெள்ளி ரூபாயாகவே எடுத்து, உருக்கி, கோப்பை செய்து, 1878-இல் லண்டன் ரக்பி சங்கத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார். 270 வெள்ளி ரூபாய். ஒரு ரூபாய் 11.66 கிராம். ராத்திரி படுக்கையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 3 கிலோவுக்கு மேலே வருகிறது.

கோப்பையின் படத்தை எதிர் மேசைக்காரர் தன் போனில் காட்டினார். விரலால் பெரிதாக்கிப் பார்த்தோம். மூன்று கைப்பிடி, மூன்றும் நாகப்பாம்பு. படம் விரித்து, வயிறு வளைந்து, வாலைக் கோப்பையின் அடியில் ஊன்றி நிற்கின்றன. செதிலெல்லாம் வரி வரியாகத் தெரிகிறது. மூடியின் மேலே ஒரு யானை. உடம்பு முழுக்கப் பொடிப் பொடியாகக் கொடியும் இலையும் செதுக்கியிருக்கிறது. நம் நாட்டுத் தட்டான் கைவேலை என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். அந்தக் கைக்காரனின் பேர் எங்கேயும் இல்லை. பில்லி வில்லியம்ஸ் கொடுத்த ஆறு பென்ஸுக்கு இருக்கிற மரியாதை அந்தப் பாம்பை வார்த்தவனுக்குக் கிடையாது.

1988-இல் இந்தக் கோப்பைக்கு நடந்தது அதைவிடக் கொடுமை. எடின்பரோவில் மேட்ச் முடிந்த ராத்திரி, இரண்டு அணியிலும் ஆளுக்கொருவர், இங்கிலாந்தின் டீன் ரிச்சர்ட்ஸ், ஸ்காட்லாந்தின் ஜான் ஜெஃப்ரி, குடிபோதையில் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய் பிரின்சஸ் தெருவில் உதைத்து விளையாடியிருக்கிறார்கள். யானையும் பாம்பும் நசுங்கிப்போயின. இதில் ஒருவர் விவசாயி, மற்றவர் போலீஸ்காரர். போலீஸ்காரருக்கு இங்கிலாந்து கொடுத்த தண்டனை ஒரு மேட்ச். விவசாயிக்கு ஸ்காட்லாந்து கொடுத்தது ஆறு மாதம். நசுங்கியது நம் வெள்ளி, அதைப் பற்றி எதிர் மேசைக்காரருக்குக் கவலையே இல்லை. “ஒரே குற்றம், ஆறு மாதம் எங்கே, ஒரு மேட்ச் எங்கே!” என்று 31 வருஷத்துக்கு அப்புறமும் கண் சிவந்து கேட்கிறார். தன் ஆளைத் தண்டித்தது தன் சங்கமேதான் என்று நான் எடுத்துச் சொன்னேன். கோபம் அதிகமாயிற்று.

போன வருஷம் எடின்பரோவில் ஸ்காட்லாந்து ஜெயித்ததால் கோப்பை அவர்கள் கையில். மேட்ச் டிராவானால் வைத்திருப்பவரிடமே இருக்கும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்ட விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பக்கத்துக்கு 15 பேர், 80 நிமிஷம். பந்து கோழிமுட்டை வடிவம், அதனால் தரையில் பட்டால் எந்தப் பக்கம் துள்ளும் என்று அதற்கே தெரியாது. கையில் வைத்துக்கொண்டு ஓடலாம், உதைக்கலாம். ஆனால் முன்னால் நிற்கிறவனுக்குக் கையால் கொடுக்கக் கூடாது. பக்கவாட்டில் அல்லது பின்னால் மட்டும். எதிராளியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் ட்ரை, 5 புள்ளி. அதன் பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் 2. ட்ரை வைத்த இடத்துக்கு நேர்க்கோட்டில் நின்றுதான் உதைக்கவேண்டும் என்பதால், ஓடுகிறவன் ஓரத்தில் விழாமல் நடுவுக்கு வரப் பார்ப்பான். எதிரி தப்புச் செய்தால் பெனால்டி உதைக்கு 3. இப்போது கூட்டிப் பாருங்கள். இங்கிலாந்து 5 ட்ரை, ஐந்துக்கும் உதை, ஒரு பெனால்டி. ஸ்காட்லாந்து 6 ட்ரை, நாலுக்கு மட்டும் உதை. கோல்கீப்பர் என்று யாருமில்லை, நீங்கள் வீட்டுக்கு அனுப்ப ஆளில்லை.

உங்களுக்குப் பிடிக்கும் என்று ஒன்று தனியாகச் சொல்கிறேன். ரெஃபரியின் சட்டையில் மைக் இருக்கிறது. அவர் பேசுவதைக் கேட்பதற்கு, காதில் மாட்டிக்கொள்கிற ஒரு குட்டி ரேடியோவை அங்கேயே விற்கிறார்கள். ஆறரை அடி உயரம், நூற்றிருபது கிலோ எடை, மூக்கில் ரத்தம். அப்படிப்பட்டவன் அவரை “சார்” என்று கூப்பிடுகிறான்! முறையீடு ஏதாவது இருந்தால் கேப்டன் மட்டும் வந்து பணிவாகக் கேட்கவேண்டும். வேறொருவன் வாயைத் திறந்தால் அதற்கும் பெனால்டி. “ஆறாம் நம்பர், கையை எடு” என்று அவர் சொல்கிறதும், மனிதக் குவியலுக்கு அடியிலிருந்து ஒரு கை மெதுவாகப் பின்வாங்குகிறதும் நான் கேட்டு, பார்த்து ரசித்தேன். நீங்கள் எந்தக் காலத்திலும் அனுபவிக்காத சுகம் இது, சித்தப்பா. உங்கள் காலத்தில் விசில் ஊதிவிட்டுப் பார்வையாளர் பக்கம் திரும்ப முடியுமா?

மேட்ச் மாலை 5 மணிக்கு. அதற்கு முன்னமே வேல்ஸ் கார்டிஃபில் அயர்லாந்தை 25–7 என்று அடித்து, இந்த மேட்ச்சும் சேர்ந்த ஆறு நாட்டுப் போட்டியின் பட்டத்தைத் தட்டிக்கொண்டு போய்விட்டது. ஆகவே இங்கிலாந்துக்காரர்கள் உள்ளே வரும்போதே கொஞ்சம் வாடியிருந்தார்கள். மிச்சமிருந்தது நம் 270 ரூபாய் மட்டும்.

இங்கே இரண்டு ஊர் ரசிகர்களையும் பிரித்து உட்காரவைப்பதில்லை. என் இடப்பக்கம் கில்ட்காரர். வலப்பக்கம் கடுகு நிறக் கால்சட்டை போட்ட ஓர் ஆங்கிலேயப் பெரியவர், எழுபத்தைந்து வயசிருக்கும். எனக்கு இரண்டு பேரிடமும் பேச்சு வார்த்தை உண்டு. அவர்கள் இருவருக்கும் தூது நான்தான்.

ஆரம்பித்து ஒன்றரை நிமிஷம் ஆகவில்லை, ஜாக் நோவல் ஓடிப்போய் ட்ரை வைத்துவிட்டார். பக்கத்து வரிசையில் பீர் வாங்கப் போன ஆள் அட்டைத் தட்டில் நாலு கிளாஸோடு திரும்பி வந்தபோது இரண்டாவது ட்ரை முடிந்திருந்தது. அப்புறம் மூன்றாவது. ஒரு பெனால்டி. அரைமணி நேரத்துக்குள் நாலாவது. 31–0. ஸ்கோர் பலகையில் ஸ்காட்லாந்துக்கு நேரே அந்தப் பூஜ்யம் அசையாமல் உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் “ஸ்விங் லோ, ஸ்வீட் சாரியட்” பாடத் தொடங்கினார்கள். அது அமெரிக்காவில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களின் பக்திப் பாட்டு. 1988-இல் கிறிஸ் ஓட்டி என்கிற கறுப்பின வீரர் இதே மைதானத்தில் அயர்லாந்துக்கு எதிராக மூன்று ட்ரை வைத்தபோது கூட்டம் பாடிய பிறகு, இங்கிலாந்தின் பாட்டாகிவிட்டது. நம் வெள்ளியில் கோப்பை, அவர்கள் துயரத்தில் பாட்டு. வெள்ளைக்காரன் எதையும் வீணாக்குவதில்லை.

அந்த நேரத்தில் பெரியவர் தன் கோட்டுப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து, என்னைத் தாண்டிக் கையை நீட்டி, கில்ட்காரரிடம் ஒரு புதினா மிட்டாய் கொடுத்தார். “உங்கள் பையன்கள் நல்ல பையன்கள்தான், இன்னும் வயசு இருக்கிறது” என்று துக்கம் விசாரிக்கிற குரலில் வேறு சொன்னார். கில்ட்காரர் மிட்டாயை வாங்கிக்கொண்டு, வாயில் போடாமல், சுருக்குப்பையைத் திறந்து உள்ளே வைத்து மூடினார். என் பக்கம் திரும்பி, “அடி வாங்குவது எங்களுக்குப் பழக்கம். இந்த அனுதாபம்தான் தாங்காது” என்றார்.

பாதி நேரம் வருவதற்குள் ஒன்று நடந்தது. இங்கிலாந்து கேப்டன் ஓவன் ஃபாரல் உதைத்த பந்தை, ஸ்காட்லாந்து கேப்டன் மக்கினலி பாய்ந்து மறித்து, அதையே பொறுக்கிக்கொண்டு கோடு வரைக்கும் ஓடினார். அவர் ஸ்க்ரம்மின் நடுவில் தலை கொடுக்கிற ஆள். ஓடுவதற்கென்று பிறந்த ஜானி மே பின்னாலேயே துரத்தியும் பிடிக்க முடியவில்லை. 31–7. கூட்டம் பெருந்தன்மையாகக் கைதட்டியது. பெரியவரும் தட்டினார், பாவம் ஒன்றாவது வைத்தார்களே என்று.

இடைவேளையில் ஸ்காட்லாந்தின் ஃபின் ரஸ்ஸலுக்கும் கோச்சுக்கும் லேசான வாக்குவாதமாம். அப்புறம் அவரே சொன்னதாகப் படித்தேன். நீங்கள் சொல்கிறபடி உதைத்தாலும் அடி, ஓடினாலும் அடி, என்னதான் செய்யச் சொல்கிறீர்கள் என்கிற ரகம். பி.டி. மாஸ்டர்கள் இதைக் கவனிக்கவேண்டும். கோச்சோடு சண்டை போட்டுவிட்டு வந்தவர்கள்தான் கால்மணி நேரத்துக்குள் நாலு ட்ரை வைத்தார்கள். 47-ஆவது நிமிஷம் டார்சி கிரஹாம். அவர் சின்ன உருவம், எதிரியின் அக்குளுக்கு அடியில் நுழைந்து போகிறார். 50-இல் பிராட்பரி. 57-இல் மறுபடி கிரஹாம். 31–24. ஏதோ நடக்கிறது என்று எனக்கே புரிந்தது, இங்கிலாந்து ஆட்டக்காரர்களுக்குத்தான் புரியவில்லை. பெரியவரின் கைதட்டல் ஒவ்வொரு ட்ரைக்கும் சன்னமாகிக்கொண்டே வந்து, மூன்றாவதற்கு இரண்டு கையும் சந்திக்கவில்லை.

மனசு கேட்கவில்லை எனக்கு. நீங்கள் கொடுத்தனுப்பிய கடலைமிட்டாய் கோட்டுப் பையில் இருந்தது. ஒரு துண்டு உடைத்து அவரிடம் நீட்டினேன். குளிரில் அது கருங்கல்லாக இறுகிப்போயிருந்தது. அவரும் மரியாதைக்கு முழுசாக வாயில் போட்டுக் கடித்தார். அதே நிமிஷத்தில் ஃபாரல் பக்கத்து ஆளுக்கு வீசிய பந்தை ரஸ்ஸல் நடுவில் கைநீட்டிப் பறித்துக்கொண்டு, தடுக்க ஆளே இல்லாமல், கம்பத்துக்கு நடுவில் போய் வைத்தார். உதையும் விழுந்தது. 31–31. மைதானமே எழுந்து கத்துகிறது. பெரியவரும் எழுந்தார். திட்டுவதற்கு வாயைத் திறக்கிறார், திறக்க வரவில்லை. மேல்வரிசைப் பல்லும் கீழ்வரிசைப் பல்லும் வெல்லப்பாகில் ஒட்டிக்கொண்டுவிட்டன. கண் மட்டும் பேசியது. அறுபது வருஷ ரக்பி வசவு அத்தனையும் அந்தக் கடலைமிட்டாய்க்குப் பின்னால் தேங்கி நின்றது, சித்தப்பா.

76-ஆவது நிமிஷம் சாம் ஜான்சன், தன்னைப் பிடிக்க வந்த நாலு பேரையும் உதறிவிட்டு நேராக உள்ளே போனார். ஸ்காட்லாந்து 38, இங்கிலாந்து 31. பூஜ்யத்திலிருந்து தொடங்கி 38 புள்ளி, எதிரணி ஒரு புள்ளிகூட எடுக்காமல். கில்ட்காரர் என்ன செய்தார் என்கிறீர்கள்? உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, “இன்னும் நாலு நிமிஷம் இருக்கிறது, நாலு நிமிஷம் இருக்கிறது” என்று முனகினார். 31–0 என்று இருந்தபோதுகூட நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார். நம்பிக்கை வந்ததும்தான் மனுஷன் ஒடிந்துபோனார்.

இந்த ஆட்டத்தில் 80 நிமிஷம் ஆனவுடன் மணியடித்து முடிப்பதில்லை. பந்து உயிரோடு இருக்கிற வரைக்கும் ஆடலாம். வெளியே போனாலோ கைதவறி முன்னால் விழுந்தாலோ முடிவு. கடிகாரம் எண்பதைத் தாண்டியது, 81, 82. இங்கிலாந்து விடவில்லை. குவியல், எழுந்து குவியல், மறுபடி குவியல். 83-ஆவது நிமிஷத்தில், ஃபாரலுக்குப் பதிலாக உள்ளே வந்திருந்த ஜார்ஜ் ஃபோர்ட் இரண்டு ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு நடுவே புகுந்து, சரியாகக் கம்பத்தடியில் ட்ரை வைத்தார். தானே உதைத்து 2 புள்ளியும் எடுத்தார். 38–38. விசில்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. யாருக்கு வெண்ணெய், யாருக்குத் தாழி என்பதுதான் தெரியவில்லை. 31–0 என்று இருந்து கோட்டைவிட்ட இங்கிலாந்து, தோற்கவில்லையே என்று மூச்சு விட்டது. 31–0 என்று கிடந்து எழுந்து வந்த ஸ்காட்லாந்து, ஜெயிக்கவில்லையே என்று தரையில் உட்கார்ந்தது. 82,000 பேரில் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. பாட்டும் வரவில்லை, பழிப்பும் வரவில்லை. எல்லோரும் எதிரே இருக்கிறவர் முகத்தைப் பார்த்து எந்த முகம் வைத்துக்கொள்வது என்று தேடிக்கொண்டிருந்தார்கள். 1879-இல் எடின்பரோவில் இந்தக் கோப்பைக்காக ஆடிய முதல் ஆட்டமும் டிராதானாம். 140 வருஷமாக அடித்துக்கொண்டும் கணக்கு நேராகவில்லை.

கோப்பை ஸ்காட்லாந்திடமே தங்கியது. கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டார்கள். பெரிய திரையில் மக்கினலி அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். சிரிப்பதற்கு முயற்சி செய்துகொண்டிருந்தார். நான் மட்டும் யானைக்காகக் கைதட்டினேன். முன்வரிசை அம்மாள் ஒருத்தி திரும்பிப் பார்த்து, நான் ஸ்காட்லாந்து என்று முடிவு கட்டியிருக்கவேண்டும். “நன்றாக ஆடினீர்கள்” என்றாள். “நன்றி” என்றேன். பின்னே என்ன செய்ய?

பெரியவருக்கு அதற்குள் வாய் விடுபட்டிருந்தது. கில்ட்காரரின் கையைக் குலுக்கினார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் “உங்கள் பக்கம்தான் ஜெயித்திருக்க வேண்டும்” என்று சொன்னார்கள். இரண்டு பேரும் மனசார நம்பாமல் சொன்னார்கள் என்பது நடுவில் நின்ற எனக்குத் தெரியும்.

ரயிலுக்கு வரிசை ஒரு மைல் நின்றது, அதனால் கில்ட்காரரும் என்னோடு ஹவுன்ஸ்லோ வரைக்கும் நடந்தார். வழி முழுக்க அந்தக் கடைசி மூன்று நிமிஷத்தில் யார் எங்கே நின்றிருக்க வேண்டும் என்று நடைபாதையில் இருந்த குப்பைத் தொட்டிகளை வைத்து விளக்கினார். மனைவிக்குப் போன் செய்து என்ன சொல்வது என்று தெரியவில்லை என்றார். தோற்றால் சொல்வதற்கு வார்த்தை தயாராக இருக்கிறது, 36 வருஷமாக அதையே சொல்லிப் பழக்கம். இதற்கு வார்த்தை இல்லை. கடைசியில் “வந்துகொண்டிருக்கிறேன்” என்று மட்டும் செய்தி அனுப்பினார். திங்கள்கிழமை ஆபீஸில் ஆங்கிலேயர்கள் அவருக்கு வாழ்த்துச் சொன்னார்கள். அவர் அவர்களுக்கு ஆறுதல் சொன்னார். மத்தியானத்துக்குள் இரண்டு தரப்பும் ஒருவர்மேல் ஒருவர் கடுப்பாகி, பழைய நிலைமைக்கு வந்துவிட்டார்கள். எனக்கும் நிம்மதியாயிற்று.

270 ரூபாயை எங்கள் நாட்டுக்குத் திருப்பித் தருவது பற்றி ஸ்காட்லாந்தின் கருத்து என்ன என்று அவரிடம் கேட்டு வைத்தேன். “உருக்கியது அவர்கள், கொடுத்தது அவர்கள், லண்டனில் போய்க் கேள்” என்கிறார். லண்டனில் கேட்டால் கோப்பை இப்போது எடின்பரோவில் இருக்கிறது என்பார்கள். நம் தாலுகா ஆபீஸில் பழகியவனுக்கு இது புதுசில்லை. அடுத்த வருஷ மேட்ச் எடின்பரோவில். அவர் வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாம் என்று அழைத்திருக்கிறார். மனைவியும் “நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்” என்று வற்புறுத்துகிறாராம்.

சித்தியிடம் ஒன்று சொல்லுங்கள். அந்தப் பெரியவர் மைதானத்தில் விடைபெறும்போது கடலைமிட்டாய் எந்த ஊர், எந்தக் கடை என்று விசாரித்து, ஒரு சீட்டில் தன் முகவரியை எழுதிக் கொடுத்திருக்கிறார். இரண்டு பாக்கெட் வேண்டுமாம், காசு முன்னாலேயே கொடுத்துவிடுகிறாராம். ஒன்று தனக்கு, ஒன்று அடுத்த வருஷம் ஸ்காட்லாந்து ரசிகர் யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால் ஆட்டம் தொடங்குவதற்கு முன்னாடியே கொடுப்பதற்கு. யாராவது லண்டன் வருகிறார்கள் என்று தெரிந்தால் கொடுத்தனுப்புங்கள். நல்ல கெட்டிப் பாகாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள,
அண்ணன் மகன்